கண்ணாடியின் நடுவில் இருந்த கறுப்பு

இன்று காலை உன் மகள் ரீட்டா தின்கன்ஜூனிலிருந்து டாக்சி பிடித்து வந்து, கம்பளியில் சுற்றிய, படம் வரைந்த உன் கண்ணாடியை என் கடைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "வீட்ட காலி பண்றோம் அங்கிள். அப்பா சாமான்ல இத மட்டும் என்ன செய்யுறதுன்னு தெரியல. நீங்களே வச்சிக்கிங்க" என்றாள். பாவி, செத்த பிறகும் என்னை விடமாட்டாயா? மதியம்வரை கம்பளியை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் நான் இங்கே ரங்கூனில், பசுந்தாங் பேட்டையில் பெயர்ப்பலகை எழுத உட்கார்ந்தேன்; நீ கப்பலேறினாய். இங்கிலாந்தில் இறங்கி, சினிமா ஸ்டுடியோவில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினாய். நடிகர்களோடு கை குலுக்கியிருப்பாய் என்று நினைத்தோம். "சொரண்டுறதுதான்டா என் உத்தியோகம்" என்று நீ சிரித்தாய். கோட்டையும் துறைமுகமும் கட்டுவதற்குப் பதில் அங்கே ஒரு மனுஷன் அவற்றைக் கண்ணாடியில் வரைந்தார். படம் முடிந்ததும், அடுத்த படத்துக்கு அதே கண்ணாடி வேண்டுமே என்று, நீ பிளேடால் சுரண்டிக் கழுவி வைப்பாய். அவரை நம்மூர் வழக்கப்படி 'சயா' என்றுதான் கூப்பிட்டாயாம். ஆசான் என்று அர்த்தம் சொன்னதும் வெள்ளைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

அவர் கடைசியாக வரைந்து, சுரண்டக் கொடுத்த துறைமுகத்தை மட்டும் நீ சுரண்டவில்லை. மெத்தைக்குள் வைத்துக் கப்பலில் கொண்டுவந்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாய். அதன் பிறகு தேநீர்க்கடையில் உனக்கு வேறு பேச்சே கிடையாது. "டீ வாங்கிக் குடுத்தவன் பேரெல்லாம் படத்துல ஓடுது. கடல வரஞ்சவன் பேரு இல்ல. இது நியாயமாடா?" என்பாய். கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துவிட்டது. அந்தப் பெயரை நாங்கள் தூக்கத்தில்கூடச் சொல்லுவோம். நீயோ லண்டனுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினாய்.

ஐம்பது வருஷம் கழித்து ஒருநாள் பதில் வந்தது. அந்தக் காலத்துச் சினிமா ஓவியர்களின் வேலைகளைச் சேர்த்துவைக்கும் மியூசியமாம், கண்ணாடியைக் கேட்டிருந்தார்கள். அன்று கடையில் இருந்த எல்லாருக்கும் நீ மொகிங்கா வாங்கிக் கொடுத்தாய். குழம்பில் ஊறிய சேமியாவைப் பாதியில் வைத்துவிட்டு அழுதாய். பிறகு கண்ணாடியை என்னிடம் கொண்டுவந்தாய். "நல்ல பொட்டியா அடிச்சுக் குடுடா. தூசி மட்டும் தட்டிரு" என்றாய்.

தூசி மட்டும் என்றுதான் சொன்னாய். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு இருந்த கறுப்பு ஏன் என்று ஒருநாளாவது சொன்னாயா? கப்பலில் தார் கொட்டிவிட்டது, வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்கிறான் என்று ஐம்பது வருஷமாக நினைத்திருந்தேன். சிநேகிதன் வீட்டுப் பொருளில் குறை இருந்தால் நாம் கேட்பதில்லையே. லண்டனுக்குப் போகிற சாமானை ரங்கூன்காரன் கறையோடு அனுப்பினான் என்று ஒருவன் சொல்லலாமா? பிளேடை எடுத்தேன். கறுப்பின் மூலையில் கோழி கிண்டியது போலச் சில கீறல்கள் இருந்தன. அதையும் சேர்த்துத்தான் சுரண்டினேன். வெறுமையாக விட மனசில்லாமல், நம் ஓடையில் போகிற மாதிரி மூன்று படகுகளை வரைந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தன. நீ பார்த்து அசந்துபோவாய் என்று காத்திருந்தேன்.

நீ வந்தாய். கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பினாய்.

"பேரு எங்கடா?"

"யாரு பேரு?"

அப்போதுதான் சொன்னாய். நடிகர்கள் வந்து நிற்கவேண்டிய இடத்தைத்தான் கறுப்பாக விடுவார்களாம். அதே பிலிமில் இரண்டாவது தடவை நடிகர்களைப் பிடிக்கும்போது அந்த இடத்தில் ஆட்கள் வந்து சேர்ந்துகொள்வார்களாம். அங்கே எதை எழுதினாலும் திரையில் தெரியாது என்பதால் சயா தன் பெயரை அங்கே கீறியிருந்தாராம். நீ அனுப்பிய போட்டோவில் கறுப்பு வெறும் கறுப்பாகவே விழுந்திருந்ததால், அந்தக் கீறலை நேரில் பார்க்கத்தான் கண்ணாடியைக் கேட்டிருந்தார்கள்.

நீ கத்தியிருக்கலாம். என்னை ஓங்கி அறைந்திருக்கலாம். "நானும் நெறைய சொரண்டியிருக்கேன்டா. ஆனா சம்பளத்துக்கு" என்று மட்டும் சொன்னாய். அது இன்னும் என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

நடந்ததை எழுதினாய். பெயருக்கு அத்தாட்சி இல்லாததால் 'பெயர் அறியாத ஓவியர்' என்று போட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. நீ அனுப்பவில்லை. தேநீர்க்கடைக்கு வந்தாய், வேறு மேஜையில் உட்கார்ந்தாய். போன மழைக்காலத்தில் உன்னைப் பெட்டியில் வைத்து மூடும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு ரோஷமாடா உனக்கு? சயாவின் பெயர் பெரிது, சரி. நான் யார்? என்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி உன்மேலும் இருக்கிறது. அதை இறக்கிவைக்க இடம் கொடுக்காமல் போய்விட்டாய்.

மதியத்துக்கு மேல் கம்பளியை அவிழ்த்து, என் படகுகளைச் சுரண்டினேன். அடியில் கறுப்பு எங்கே இருக்கும்? வெறும் கண்ணாடிதான். தூக்கிக் கடைவாசல் பக்கம் நிறுத்தினேன். எதிர்ச்சாரியில் போகிறவர்கள் அந்த இடைவெளியில் தெரிந்தார்கள். ஒரு பெண் காய்கறிக் கூடையோடு சயாவின் துறைமுகத்தில் இறங்கி நடந்துபோனாள். நிஜமாகவே அங்கே நடந்தாளடா. அந்த மனுஷன் என்ன செய்தார் என்று இப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன பிரயோஜனம்? பக்கத்து மேஜையில் நீ இல்லையே.

பிரஷ்ஷை எடுத்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியும். ஐம்பது வருஷம் உன் வாயால் கேட்டது. இந்தத் தெருவில் பாதிக் கடைகளின் பெயர் என் கையெழுத்துதான். ஆனால் அந்த மூலையில் நான் எழுதினால் யார் நம்புவார்கள்? பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, பெயரை வாய்விட்டு ஒருமுறை சொன்னேன். நாளையும் சொல்லுவேன். எனக்கும் வயது எண்பத்திரண்டு.