ஞாயிற்றுக்கிழமைச் சீனி

செந்தூல்

அன்பு மகள் ஏமிக்கு,

அம்மா ஆசீரோடு எழுதுவது. பெர்த்தில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் கடிதம்.

அப்பாவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பதறாதே. ஈஸ்டர் கழிந்த வாரம் நடந்தது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இனிப்பு நீர் வியாதி அடங்கி இரத்தத்தில் சீனி இறங்காவிட்டால் அடுத்தது கணுக்காலோடு போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஈஸ்டர்வரை தவக்காலம் முழுக்கச் சீனியை விடுகிறேன் என்று அவரேதான் ஃபாதரிடம் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, விட்டார். கடையில் தே ஓ கோசோங்தான், பாலில்லாத வெறும் தேநீர், துளி சீனி கிடையாது. ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கிக் கீரையும் மீனும் சாப்பிட்டார். ஆசை வந்தால் வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொண்டு எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன்வரை நடந்துவிட்டு வருவார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் ஞாயிறு வந்தால் மனுஷன் வேறு ஆள். பூசை முடிந்ததும் கோயில் கேன்டீனில் பால் தே, பலகாரம், ஒன்றையும் விடமாட்டார். ஞாயிறு நோன்பில் சேராது, வேண்டுமானால் ஃபாதரைக் கேள் என்றார். ஃபாதரும் ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தார். கோயில் கணக்கு உடம்புக்குத் தெரியுமா? வாரமெல்லாம் அடக்கியதை அன்றைக்கு வட்டியோடு தின்றார். இடது காலில் செருப்புக் கடித்த புண் ஆறவே இல்லை. கறுத்துப்போன பிறகுதான் என்னிடம் காட்டினார், பாவி மனுஷன்.

இப்போது ஞாயிறும் கிடையாது. காலையில் ஓட்ஸும் முட்டையும். வாக்கரைப் பிடித்துக் காரிடாரில் நடக்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டு லோகன், தன் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று பாயசம் கொண்டுவந்தான். வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் நானும் சேர்ந்து அழுதேன்.

நேற்று மருந்து கட்டும் நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். எப்போதும் வாயாடுகிறவள், காரிடாருக்குப் போய் டாக்டருக்குப் போன் போட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஏமி, உன் கல்யாணத்தை டிசம்பரில் வைக்கலாம் என்று மாப்பிள்ளை கெல்வின் வீட்டார் சொல்கிறார்கள். பீடம்வரை உன் கையைப் பிடித்து அழைத்துப்போவது நான்தான் என்று அப்பா தினமும் வாக்கரை விட்டுவிட்டு இரண்டு அடி வைத்துப் பார்க்கிறார். மண்டபம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, சாப்பாடு எளிமையாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த மாதமே வைத்துக்கொள்ள முடியுமா என்று அவர்களிடம் கேள், கண்ணு. காரணம் கேட்டால், அம்மாவுக்கு அவசரம் என்று சொல்.

மாதா உன்னைக் காக்கட்டும்.

முத்தங்களுடன்,
அம்மா சாந்தமேரி