தராசு இல்லாத வியாழக்கிழமை

யாஷ் நகரம்,
செப்டம்பர் 29

இலிங்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். இங்கே உடம்பளவில் நாங்கள் இருவரும் சுகம், அதற்கு மேல் கேட்காதே. போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ அழுவாய், விஷயம் அப்படியே கிடக்கும், அதனால்தான் காகிதம். அம்மா கத்தரிக்காயும் குடமிளகாயும் சுட்டுத் தொக்கு கிண்டி இருபத்திரண்டு பாட்டில் அடைத்திருக்கிறாள், பால்கனியில் கால் வைக்க இடமில்லை, நான்கு பாட்டில் உனக்குப் பார்சலில் வருகிறது. லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது, ஏழு மாடி ஏறி இறங்கி அவள் முழங்கால் வீங்கியிருக்கிறது. பெர்கனில் மழை விடவே இல்லை என்றாயாம், நல்ல பூட்ஸாகப் பார்த்து வாங்கு, மலிவானது ஒரு மாதம் தாங்காது. இனி விஷயம்.

பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்று போன வாரம் ஆய்வகப் பயிற்சி நோட்டுகளை எல்லாம் எடுத்து அடுக்கினோம். கண்ணாடிச் சாமான் கழுவும் அவுரிகா அக்கா கூட இருந்தாள். உன் நோட்டைக் கண்டதும் என் வாய் சும்மா இருக்குமா, பிப்பெட்டால் அளந்தெடுத்த பக்கத்தைத் திறந்து, "பாருக்கா, பத்துத் தடவ ஒரு மில்லி தண்ணி எடுத்து நிறுத்திருக்கா, ஒண்ணாவது ஆயிரத்துல ரெண்டுக்கு மேல விலகியிருக்கா பாரு" என்று காட்டினேன். அவள் எண்ணைப் பார்க்கவில்லை, மேலே இருந்த தேதியைப் பார்த்தாள். மார்ச் 14, வியாழன். "ஏன் தம்பி, உன் பொண்ணு அன்னிக்கு எதுல நிறுத்தா, மீன் கடைத் தராசுலயா? நம்மது செவ்வாக்கிழமையே ரிப்பேருக்குப் போயிடுச்சே, நாந்தான கையெழுத்துப் போட்டுத் தூக்கிவிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு திரும்பி நின்றாள்.

நிறுப்பவர்கள் பெயர் எழுதத் தராசுக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். மார்ச் 12 முதல் 18 வரை ஒரு பெயரும் இல்லை, அவுரிகாவின் கோணல் எழுத்தில் 'தராசு வெளியே' என்று மட்டும் இருந்தது. அப்புறம்தான் உன் எண்களை ஒழுங்காகப் பார்த்தேன். 1.000, 1.001, 0.999. இருபத்திரண்டு டிகிரியில் ஒரு மில்லி தண்ணீரைக் காற்றில் வைத்து நிறுத்தால் 0.997-ஐ ஒட்டித்தான் காட்டும், ஒரு கிராம் காட்டாது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததை வைத்து எழுதியிருக்கிறாய். வேறு யார் நோட்டாக இருந்தாலும் அரை நிமிடத்தில் பிடித்திருப்பேன். உன்னுடையது என்பதால் பயிற்சி கொடுத்தவனாகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன், அதோடு விடாமல் மாடி மாடியாக எடுத்துப் போய்க் காட்டினேன்.

எண்ணைவிட எனக்கு ஆறாதது அன்று சாயங்காலம். அந்த வாரம் முழுக்க எனக்கு மீன் பண்ணையில் வேலை, தராசு போனதே தெரியாது. வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தபோது நீ சோபாவில் கையை நீட்டிக்கொண்டு, "அப்பா, பிப்பெட்ட அமுக்கி அமுக்கிக் கட்டைவிரலே கழண்டுபோச்சுப்பா" என்றாய். நான் தைலம் தேய்த்துவிட்டேன். அம்மாகூட, "என் காலுக்கு ஒரு நாளாவது தேச்சிருப்பியா, மகளுக்குன்னா மட்டும் ஓடி வருது" என்று சிரித்தாள். கால் மணி நேரம் தேய்த்தேன், இலிங்கா. ஒரு வேலையும் செய்யாத விரலை.

பெர்கனுக்கு அனுப்ப வெள்ளிக்கிழமைக்குள் பயிற்சி முடித்த சான்றுத் தாள் வேண்டும் என்று நான் அவசரப்படுத்தினேன், உண்மை. எனக்குப் பொறுமை கிடையாது, ஊருக்கே தெரியும். ஆனால் 'தராசு இல்லப்பா' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் பெர்கனுக்கு நானே எழுதி நாலு நாள் கேட்டிருப்பேன். உனக்குப் பிப்பெட் பிடிக்கத் தெரியாது என்றும் நான் நினைக்கவில்லை. தெரியும், அதுதான் எரிகிறது.

ஆய்வகத் தலைவர் ஸ்தமாத்தே மேடத்திடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர், "லிவியு, விடுங்க. பொண்ணு போய்ச் சேந்துட்டா, அங்க நல்லா செய்றாளாம். இத இனி யாரு புரட்டப் போறா?" என்றார். நான் புரட்டிவிட்டேனே என்றேன். அந்தத் தாளை நம்பித்தான் பெர்கனில் உனக்கு இடம் கொடுத்தார்கள், அடுத்த மாதம் மீன்களின் ரத்த மாதிரிகளை உன் கையில் தரப்போகிறார்கள். அக்டோபர் 14, திங்கட்கிழமை, என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்ற கடிதம் இங்கிருந்து போகும். அதற்கு முன்னால் உன் மேற்பார்வையாளரிடம் நீயே போய்ச் சொல். இடம் போகலாம், போகாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது, பொய்யாகத் தைரியம் சொல்ல மாட்டேன். எனக்கும் இனிப் பயிற்சி வகுப்பு தர மாட்டார்கள். அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, "பெத்தவனா நீ, போலீஸ்காரனா" என்று கேட்டதுதான் கடைசி.

சொல்லி முடித்த அன்றைக்கே அங்குள்ள தராசில் உட்கார். நுனியை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள், நேராகப் பிடி, கட்டைவிரலைப் பட்டென்று விடாதே, காற்றுக்குமிழ் ஏறும். பத்துத் தடவை நிறு. வந்ததை எழுது, அசிங்கமாக வந்தால் அசிங்கமாகவே எழுது. அந்தப் பத்து எண்ணை எனக்கு அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, தொக்குப் பாட்டிலைத் திறந்தால் குளிர்பெட்டியில் வை. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், இதை அம்மாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன். தப்பாக எழுதியதைச் சுரண்டக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும், அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும் என்று உனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தேன். உன் நோட்டில் என் கையெழுத்தை நேற்று அப்படித்தான் அடித்தேன். இந்தக் கடிதத்தின் தொடக்கத்திலும் உன் பெயருக்கு முன்னால் எப்போதும் அன்பாகப் போடும் இரண்டு சொல்லை எழுதி, அடித்துத் தேதி போட்டிருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார், படிக்க வரும்.

அப்பா
லிவியு