ட்ரெவரின் முழங்கை

மார்ச் 17, 2009

காற்று. வண்டியை விட்டு இறங்கியதுமே தொப்பி பறந்து வேலியில் போய் ஒட்டிக்கொண்டது. ஓக்லஹோமாவில் மார்ச் மாதம் பேஸ்பால் பார்க்க வருகிறவனுக்கு மூளை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். எனக்கு இது இருபத்தாறாவது மார்ச்.

பையன் பெயர் ட்ரெவர் ரைன்கே. பந்து வீசுகிறவன். பள்ளியில் கடைசி வருடம், ஆறடி மூன்று அங்குலம். முதல் பந்தே மணிக்கு 94 மைல். கேட்சரின் கையுறையில் அது விழுந்த சத்தத்துக்கு, வேலியோரம் தூங்கிய நாய் எழுந்து உட்கார்ந்தது. எங்கள் மதிப்பெண் இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். ஐம்பது போட்டாலே பெரிய லீக்கில் ஆடத் தகுந்தவன். இவன் வேகத்துக்கு அறுபது போட்டேன். எழுதியதும் நோட்டை மூடிக்கொண்டேன்.

கிளப்புகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள், என்னைத் தவிர இன்னும் மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் லெஸ்டர் வேறு கிளப்புக்காரன், இருபது வருடப் பழக்கம். பக்கத்தில் வந்து குனிந்தான்.

"எவ்ளோய்யா போட்ட?"

"நாப்பது."

"புளுகாத வெர்லின். உன் மூஞ்சியிலயே அறுபதுன்னு எழுதி ஒட்டியிருக்கு."

ஏப்ரல் 9

மறுபடி ட்ரெவர். ஐந்தாவது இன்னிங்ஸில் வேகம் 94-லிருந்து 89-க்கு இறங்கிவிட்டது. அது களைப்பாக இருக்கலாம். ஆனால் வளைந்து இறங்கும் ஒவ்வொரு கர்வ் பந்துக்குப் பிறகும் விரல்களை விரித்து மூடுகிறான். முழங்கை போன மாதம் இருந்த உயரத்தில் இல்லை, தொங்குகிறது. பெஞ்சுக்குப் போய் இடது கையால் தண்ணீர் குடித்தான். வலதுகைப் பழக்கக்காரன்.

இதை முன்பு மூன்று பேரிடம் பார்த்திருக்கிறேன். மூன்று பேருக்கும் முழங்கைக்குள் இருக்கும் தசைநார் கிழிந்தது. இரண்டு பேர் மீண்டும் பந்தைத் தொடவே இல்லை.

லெஸ்டர் கவனிக்கவில்லை. அவன் எப்போதும் வேகத்தை அளக்கும் ரேடார் துப்பாக்கியின் எண்ணைத்தான் பார்ப்பான், பையனைப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 10

அறிக்கை அனுப்பினேன். "முழங்கை கெட்டுவிட்டது. எடுக்க வேண்டாம்."

பத்தே நிமிடத்தில் கிரெய்க்கின் ஃபோன். எனக்கு மேலதிகாரி, என் மகன் வயது.

"நிச்சயமாத் தெரியுமா? ஜூன்ல கிளப்புங்க வரிசையா ஆள் எடுக்கறப்ப முதல் ரவுண்டுலயே போயிருவான்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."

"நிச்சயமாத் தெரியும்."

"அப்ப வெளிய மூச்சு விடாதீங்க. வேற எவனாவது எடுத்து மாட்டிக்கட்டும். நீங்க வழக்கம்போல போயிட்டு வந்துட்டு இருங்க, இல்லன்னா சந்தேகம் வந்துரும்."

ஏப்ரல் 22

பையன் வீட்டுக்குப் போனேன். வசந்தத்தில் எல்லா ஸ்கவுட்டும் செய்கிற சடங்கு. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, படிப்பு எப்படி, கோபம் வருமா, காதலி உண்டா என்று கேட்போம். அம்மா இல்லை, அவன் சின்ன வயதிலேயே இறந்துவிட்டாள். அப்பா ட்வைன் மாட்டு லாரி ஓட்டுகிறார். எனக்காகச் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். மாட்டிறைச்சி போட்டுக் காரமாகச் சில்லிக் குழம்பு செய்திருந்தார், கூடவே சோள ரொட்டி.

"கை எப்படிப்பா இருக்கு?" என்றேன்.

"சூப்பரா இருக்கு சார்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

அவன் உப்பு எடுக்க எழுந்து போனபோது ட்வைன் என் பக்கம் சாய்ந்தார். "சார், நீங்க ஆயிரம் பசங்கள பாத்திருப்பீங்க. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. டாக்டர்கிட்ட காட்டணும், ஓய்வு குடுக்கணும்னு ஏதாவது தோணுச்சுன்னா சொல்லிருங்க."

நேராகவே கேட்டார். என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்றேன்.

நாங்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதெல்லாம் கிளப்பின் சொத்து. குடும்பத்திடம் சொன்னால் பையனை உட்கார வைப்பார்கள், ஊருக்கே தெரியும், அன்றைக்கே எனக்கு வேலை போகும். அறுபத்தொரு வயதில் வேறு யார் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள்? இதெல்லாம் காரணமா? காரணம்தான். ஆனா சொல்லியிருக்கலாம்டா. ஒரே ஒரு வார்த்தை. அந்தாளு சட்டைய இஸ்திரி போட்டுட்டு உக்காந்திருந்தாரு.

மே 2

மழை. ஆட்டம் ரத்து. சந்தோஷமாக இருந்தது.

மே 14

எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது.

மாநிலப் போட்டி. வேலிக்குப் பின்னால் முப்பது ஸ்கவுட்டுகள். அவன் காலைத் தூக்கும்போதெல்லாம் முப்பது துப்பாக்கிகளும் ஒன்றாக எழுந்தன. பையன்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. துப்பாக்கி எழுந்தால் நம்மைப் பார்க்கிறார்கள், பைக்குள் போனால் பார்த்து முடித்துவிட்டார்கள்.

ஆறாவது இன்னிங்ஸில் 88. முகம் வெளுத்துவிட்டது. ஒரே ஒரு ரன் முன்னிலை, அதனால் கோச் அவனை மாற்றவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை. அப்போதுதான் அந்த அறிவாளித்தனம் தோன்றியது. நான் கிளம்பினால் இன்னும் இரண்டு பேர் கிளம்புவார்கள், எங்கள் கூட்டம் அப்படித்தான். இனிக் காட்ட ஒன்றுமில்லை என்று அவனும் வேகத்தைக் குறைத்துக்கொள்வான். வாய் திறக்காமலே அவனைக் காப்பாற்றிவிடலாம். துப்பாக்கியைப் பையில் போட்டு, அவன் கண்ணில் படும்படி வேலியை ஒட்டியே நடந்தேன்.

அவன் பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

பத்தடி போயிருப்பேன். கையுறையில் பந்து விழுந்த சத்தம் கேட்டது. அவனிடம் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கூட்டம் ஒரே குரலில் கத்தி, அப்படியே அடங்கியது. திரும்பினால் பையன் முழங்கையை அணைத்துக்கொண்டு மண்டியிட்டிருக்கிறான். ட்வைன் வேலி ஏறிக் குதிக்கிறார்.

நான் என்னதான் நினைச்சேன்? பதினெட்டு வயசுப் பையன். தன்னை விட்டுட்டு போறவன திரும்பிப் பாக்க வைக்கத்தானே பாப்பான்! இருபத்தாறு வருஷம் இந்தப் பசங்களையே பாத்துட்டு இருந்தவனுக்கு இது தெரியாதா?

மே 20

லெஸ்டர் ஃபோன் செய்தான். நார் முழுசாகக் கிழிந்துவிட்டதாம். அறுவைசிகிச்சை நேற்று முடிந்தது. "கடைசிப் பந்து தொண்ணூத்தேழுய்யா, அவன் வாழ்க்கையிலயே அதான் அதிகம். ஆமா, நீ முன்னாடியே எழுந்து போயிட்டியே, எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" ஃபோனை வைத்துவிட்டேன்.

ஜூன் 11

கிளப்புகள் ஆள் எடுக்கும் தேர்வு முடிந்தது. மூன்று நாள், ஐம்பது ரவுண்டு. எந்தக் கிளப்பும் அவன் பெயரைச் சொல்லவில்லை.

மாலையில் கிரெய்க். "உங்க அறிக்கையத்தான் புதுப் பசங்களுக்குப் பாடமாக் காட்டப் போறேன். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீங்கதான் இந்தப் பகுதிக்கு." நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

ஜூன் 19

போனேன். உண்மையைச் சொல்லிவிட்டு வருவதென்றுதான் போனேன். ட்வைன் லாரியோடு போயிருந்தார். ட்ரெவர் மட்டும் இருந்தான், கையில் பெரிய கட்டு.

"அன்னிக்கு நீங்க கிளம்பறத பாத்தேன் சார்" என்றான். "அதான் ஒண்ணு பலமா போட்டுப் பாத்தேன். சாரி சார்."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

"உன் கை கெட்டுப்போச்சுன்னு எனக்கு ஏப்ரல்லயே தெரியும்" என்றேன். சொல்லி முடித்ததும் தலை நிமிர முடியவில்லை.

அவன் கட்டின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டான். பிறகு, "எனக்கும் தெரியும் சார். மார்ச்லேர்ந்தே வலி. உங்க யாருக்கும் தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் பல்லக் கடிச்சிட்டுப் போட்டேன்" என்றான். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. நீங்க சொன்னதும் வேணாம், நான் சொன்னதும் வேணாம். அவரால தாங்க முடியாது."

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் லாரி வந்து நின்றது. ட்வைன் உள்ளே வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "முப்பது பேரு வந்தாங்களே சார். கையி போனப்புறம் எட்டிப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

ட்ரெவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று ட்வைன் அடுப்பைப் பற்ற வைத்தார்.

சாப்பிட்டேன்.