வாசல்ல நிக்கிற பைன் மரம்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. ஆஸ்பத்திரி டியூட்டி முடிஞ்சு நான் வர ராத்திரி ஆயிடும்.

வாசல் பைன் மரத்துக்கு இனிமே தினம் தண்ணி ஊத்தாதீங்க, வேர் அழுகிடும். நர்சரிக்காரர்கிட்ட கேட்டுட்டேன். ஊசியிலையே இல்லாம மொட்டையா வெட்டின கிளை திரும்பத் துளிர்க்காதாம். கார் நிறுத்த இடம் வேணும்னு வெட்டினப்போ, "பனியையே தாங்குற மரம், இதைத் தாங்காதா"ன்னீங்க. நம்ம பொண்ணைத் திட்டி அனுப்பினப்பவும், "அவ அழுத்தக்காரி, ஒண்ணும் ஆகாது"ன்னுதான் சொன்னீங்க.

மிச்சத் துணியை எடுக்க அவ சாயங்காலம் வர்றா. அந்த மரம் அவ நட்டது. யார் வெட்டினதுன்னு கேட்டா நீங்களே சொல்லுங்க, என்னை இழுக்காதீங்க.

கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்கிடாதீங்க. அவ சாவியைத்தான் நீங்க பிடுங்கி வச்சிருக்கீங்களே.