சனி, ஞாயிறுச் சளி

1950 பிப்ரவரி 5, ஞாயிறு

மாலை ரேடியோவில் 'மிஸ் ஃபிட்ச்'. வாயாடி டீச்சரும் அவளை மிரட்டும் தலைமையாசிரியரும்: நாடே சிரிக்கும் அரைமணி நேரம். இன்று நாடகத்தில் அந்தத் தலைமையாசிரியர், "டீச்சருங்களுக்குச் சளி பிடிக்கணும்னா சனி, ஞாயிறுல பிடிக்கட்டும்!" என்றதும் என் காபி மடியில் சிந்திவிட்டது.

எங்கள் தலைமையாசிரியர் பிராம்வெல், போன மாதம் கதவைச் சாத்திவைத்து டீச்சர்கள் எங்கள் ஆறு பேரிடம் சொன்ன அதே வார்த்தை. நான்தான் ராய்க்கு எழுதினேன். கல்லூரியில் கூடப் படித்தவன். ஹாலிவுட்டில் அந்த ரேடியோ நாடகத்தை எழுதுபவன். ஒரு வருடமாக பிராம்வெல் பேசுவதையெல்லாம் அவனுக்கு எழுதிப் போடுகிறேன். ஆனால் எப்போதும் கொஞ்சம் மாற்றுவான். பாவி, அப்படியே போட்டுவிட்டான்!

பிப்ரவரி 6

பிராம்வெல் நடந்த வழியெல்லாம் மாணவர்கள் தும்மினார்கள். எங்களைக் கூப்பிட்டு, "ஆறு பேர்ல ஒருத்தர். கண்டுபிடிச்சிடுவேன்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

பிப்ரவரி 17

பழி ஹேசல்மேல் விழுந்துவிட்டது. லத்தீன் டீச்சர், என் சிநேகிதி. பிராம்வெல்லை முகத்துக்கு நேரே கிண்டல் செய்பவள் அவள் ஒருத்திதான். அடுத்த வருடம் அவளுக்கு வேலை இல்லையாம்.

"இவ்ளோ நல்ல ஜோக்கை நான் ரேடியோவுக்கு எழுதிப் போட்டிருந்தா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிருப்பேனேடி!" சிரித்தாள். "யாரா இருக்கும்?"

"தெரியல."

தெரியல! எப்படி வந்தது என் வாயிலிருந்து?

பிப்ரவரி 24

பிராம்வெல் பேச்சு இன்னும் வேண்டும் என்று ராய் எழுதியிருக்கிறான். பதில் போடவில்லை.

மார்ச் 5

புதன்கிழமை பள்ளி நிர்வாகக் குழு ஹேசலை விசாரிக்கிறது. "நீயும் வந்து எனக்காகப் பேசு. உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.



மார்ச் 8

குழுவின் முன்னால் எழுந்தேன். "நான்தான் எழுதினேன். ஹேசல் இல்ல."

பிராம்வெல் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா, மிஸ் டொர்வால்ட்? உங்களுக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

அம்மா இறந்தபோது இரண்டு வாரம் என் வகுப்புகளை எடுத்தவர் அவர்தான். ராய்க்கு அதை நான் எழுதவே இல்லை.

வாசலில் ஹேசல் கையுறையை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "மூணு வாரம் என் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டியே, ஆஸ்ட்ரிட்."

மார்ச் 9

ராஜினாமா கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 20, லாஸ் ஏஞ்சலஸ்

ஹேசலின் வேலை நிலைத்துவிட்டது. மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. ராயும் மற்ற எழுத்தாளர்களும் நாடகம் எழுதும் அறையில் இப்போது எனக்கும் ஒரு மேசை.

இன்று அவன், "மிஸ் ஃபிட்ச் செஞ்ச தப்புக்கு இன்னொரு டீச்சர் மாட்டிக்கிறா. மிஸ் ஃபிட்ச் கடைசி வரைக்கும் வாயே திறக்கல. வயிறு வலிக்கச் சிரிப்பாங்க!" என்றான். அறையே சிரித்தது.

தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகி, முதல் பக்கத்திலேயே மிஸ் ஃபிட்சை ஒத்துக்கொள்ள வைத்தேன்.

ராய் படித்துவிட்டு விழித்தான். "இங்கயே சொல்லிட்டா அப்புறம் ஏது கதை?"

"அப்புறம்தான் கதை" என்றேன்.