அம்புக்குறிகளுக்கு நடுவே

என்னங்க,

உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தைக்குக் கண் மருந்து வேளாவேளைக்கு விடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். வேலை பார்க்கும் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீவில் இங்கே ஒரு தச்சுப் பட்டறையில் படம் வரையக் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள். பூவும் மயிலும் இல்லை. ஒரு சாமானை முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, மேலிருந்து என்று மூன்று விதமாக வரைந்து, அம்புக்குறி போட்டு அளவு எழுத வேண்டும். முதல் படமாக நம் பையனுக்கு ஒரு நாற்காலி வரைந்தேன்.

"பையன் எவ்வளவு உயரம்?" என்று தச்சர் கேட்டார்.

"இவ்ளோ" என்று இடுப்புக்குச் சற்று மேலே கையை நீட்டினேன். அவர் தரையிலிருந்து என் உள்ளங்கை வரை டேப்பைப் பிடித்து எழுதிக்கொண்டார்.

"வயசு?"

"எட்டு."

டேப்பை மறுபடி பார்த்தார். "இது நாலு வயசுப் புள்ள உயரம்மா."

கூடக் கற்றுக்கொள்பவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். நான் கிளம்பிய அன்று அவன் தலை இருந்த இடத்துக்குக் கை தானாகப் போயிருக்கிறது.

குத்துமதிப்பாக எழுதக் கூடாதாம். அதனால் இதோடு அனுப்பும் படத்தில் அம்புக்குறிகளுக்கு நடுவே இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அவனை உட்காரவைத்து, தரையிலிருந்து முட்டி வரை அளந்து எழுதுங்கள். அப்படியே சுவரோரம் நிற்கவைத்தும் ஒரு அளவு எடுங்கள். அது நாற்காலிக்கு இல்லை.

வீட்டம்மா மணியடிக்கிறார், ஓடுகிறேன். நான் அழுவேன் என்று அளவைக் குறைத்து மட்டும் எழுதிவிடாதீர்கள்.