ஐந்தாவது உதைக்கு நான் அசையவில்லை

நவம்பர் 14, வெள்ளி. திருப்பதி

காலையிலிருந்து தூறல். கையுறை காயவில்லை. ஹாஸ்டல் ஃபேனுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நாளை சித்தூரில் இறுதி ஆட்டம். ஆறு மணிக்கு பஸ்.

எடுத்துப் போக: கையுறை, சாக்ஸ் இரண்டு ஜோடி, பேண்டேஜ், கௌசல்யாவின் முழங்கால் பட்டை (அவள் மறப்பாள்).

கௌ. சாயங்காலம் முழுக்க வீட்டோடு போனில். அவள் நைனா நகரியில் விசைத்தறி ஓட்டுகிறார். ஜெயித்தால் சான்றிதழ் வரும், விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு எழுதிப் போடலாம், அதுவரை படிக்கட்டும். தோற்றால் படிப்பை நிறுத்திவிட்டு சத்தியவேடு பக்கம் அக்கா போகும் கம்பெனியில் சேர வேண்டும். அப்படித்தான் சொல்லியிருக்கிறார். மூன்று வருடமாக ஒரே அறை. அவள் கோல் போடுகிறவள், நான் தடுக்கிறவள். பயமா என்று கேட்டேன். பசி என்றாள்.

ப்ராஜெக்டில் பெனால்டி அத்தியாயம் பாதியில் நிற்கிறது. எம்.ஏ. பொருளாதாரத்துக்கு இதையா எடுப்பார்கள் என்று வகுப்பே சிரித்தது. கைடு மேடம் மட்டும் சிரிக்கவில்லை. மைதானத்திலும் போனிலும் பார்த்த பெனால்டியெல்லாம் நோட்டில் இருக்கிறது: பந்து எந்தப் பக்கம், கீப்பர் எந்தப் பக்கம். நடுவுக்கு வரும் பந்துகள் உண்டு. நடுவில் நிற்கும் கீப்பர்தான் கிடையாது. விழுந்து தவறவிட்டால் ‘பாவம்’ என்பார்கள். நின்று தவறவிட்டால் ‘தூங்கினாள்’ என்பார்கள். கோல் ஒன்றுதான், திட்டு வேறு வேறு. இதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது?

நவம்பர் 15, சனி. திரும்பும் பஸ்ஸில்

தோற்றோம்.

ஒன்றுக்கு ஒன்று. பிறகு பெனால்டி, ஆளுக்கு ஐந்து. எங்களுடைய மூன்றாவது உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மற்ற நான்கும் கோல். கௌ. அடித்ததை எந்தக் கீப்பராலும் தடுக்க முடியாது.

அவர்கள் அடித்த முதல் நான்குக்கும் விழுந்தேன். நான்கும் உள்ளே. அதில் இரண்டு, நான் நின்றிருந்த இடத்தின் வழியாகவே போயின. விழாமல் நின்றிருந்தால் நெஞ்சில் பட்டிருக்கும். நாலுக்கு நாலு. அவர்களுக்கு இன்னும் ஓர் உதை பாக்கி. அதைத் தடுத்தால் ஆட்டம் நீளும்.

ஒன்பதாம் நம்பர் பெண் வந்தாள். பந்தை இரண்டு முறை எடுத்து எடுத்து வைத்தாள். உதடு வெளுத்திருந்தது. ஒரு தடவைகூட ஓரங்களைப் பார்க்கவில்லை. நடுவில்தான் அடிக்கப் போகிறாள் என்று முடிவு செய்தேன். நின்றேன்.

பந்து இடது பக்கம் உருண்டு வந்தது. மெதுவாக. விழுந்திருந்தால் கைக்கு வந்திருக்கும்.

பி.டி. சார் என் பக்கமே வரவில்லை. யாரிடமோ தெலுங்கில் சொன்னது காதில் விழுந்தது. “கனீசம் படனு கூடா லேது.” கீழே விழக்கூட இல்லையாம்.

குழாயடியில் முகம் கழுவும்போது ஒன்பதாம் நம்பர் பக்கத்தில். என்னைக் கவனிக்கவில்லை. தோழியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “மத்யலோ கொட்டாலனுகுன்னா. காலு ஜாரிந்தி.” நடுவில் அடிக்கத்தான் நினைத்திருக்கிறாள். கால் வழுக்கிவிட்டது.

குழாயை மூட மறந்து அப்படியே நின்றேன்.

கௌ. முன் சீட்டில். சந்திரகிரியைத் தாண்டியும் திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

வெயில். துணி துவைத்தேன். மெஸ்ஸில் உப்புமா.

எல்லார் போனிலும் அந்த வீடியோ. யாரோ பாட்டு சேர்த்திருக்கிறார்கள். பந்து போகிறது, நான் பஸ்ஸுக்கு நிற்பவள் மாதிரி நிற்கிறேன். அதில் யோசித்தது தெரியாது. சும்மா நின்றது மட்டும்தான் தெரிகிறது.

மேடம் கூப்பிட்டார். உன் ஆட்டத்தையே அத்தியாயத்தில் சேர், இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்றார். அன்பாகத்தான் சொன்னார். முடியாது என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

கௌ.வின் நைனா வந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு கட்டைப்பை. என்னைப் பார்த்து, துன்னியாம்மா என்று சாப்பாட்டை விசாரித்தார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

பூட்ஸை அவள் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டாள். எடுத்துக் கொடுத்தேன். இருக்கட்டும் என்றாள். ஆட்டோ வரை போனேன். பை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

சான்றிதழ் இல்லாதது அவளுக்கு மட்டுமல்ல. பதினாறு பேர். ஆனால் மற்றவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு. நகரி போய் வந்தேன்

பஸ்ஸில் கூட்டம், புத்தூர் வரை நின்றுகொண்டே. அவள் வீட்டில் யூனிஃபார்ம் சட்டை, நீல நிறம், கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நாளைக்கு முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் நாலரைக்கு.

குழாயடியில் கேட்டதைச் சொன்னேன். ஒன்பதாம் நம்பர் நடுவில்தான் அடிக்க நினைத்தாள், நான் கணித்தது சரி, அவள் கால்தான் வழுக்கியது என்று. நோட்டைக்கூடக் கொண்டுபோயிருந்தேன். பிரித்துக் காட்டினேன். கௌ. முழுக்கக் கேட்டாள். ஒரு பக்கத்தைப் பொறுமையாகப் படித்தும் பார்த்தாள்.

“நீ சொல்றது சரிதான்டி. எனக்குப் புரியுது. நைனாவுக்கு இன்னான்னு சொல்றது? வீடியோ பாத்தாரு. அந்தப் பொண்ணு நின்னுக்கினே இருந்துச்சேம்மா, உங்களுக்கே அக்கறை இல்லன்னா நான் எதுக்குப் படிக்க வெக்கணும்னாரு.”

கொடியில் கிடந்த நீலச் சட்டையைப் பார்த்தேன்.

“நீ விழுந்து, அப்பவும் கோல் போயிருந்தா, இன்னொரு வருஷம் கேட்டிருப்பேன். பாவம், உயிரக் குடுத்து ஆடினாங்கன்னு உட்டிருப்பாரு. சும்மானாச்சும் விழுந்திருக்கலாம்.”

அழுதபடியோ கோபமாகவோ சொல்லவில்லை. நோட்டை மூடிக் கையில் கொடுத்தாள். அவள் அம்மா சோறு போட்டார். சாப்பிட்டேன். மூன்றரை பஸ்ஸைப் பிடித்தேன்.

நவம்பர் 26, புதன்

மழை. ப்ராஜெக்ட் கொடுத்துவிட்டேன். ‘கீப்பர் நிற்பதே பல நேரம் லாபம்’ என்ற வரியை அடித்துவிட்டேன். யாருக்கு லாபம் என்று எழுதத் தெரியவில்லை. மேடம் இன்னும் படிக்கவில்லை.

கௌ. கட்டிலுக்குப் புதுப்பெண். சித்தூர்க்காரி. கால்பந்து பார்ப்பதில்லையாம்.

நவம்பர் 30, ஞாயிறு. சந்திரகிரி

நட்பு ஆட்டம். மைதானம் சேறு. எனக்குப் பதில் போட்ட கீப்பருக்குக் காய்ச்சல், அதனால் நான். பி.டி. சார் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கும்போது முகம் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில் எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி. அடிக்க வந்த பெண் நேராக ஓடி வந்தாள், இடுப்பு திரும்பவே இல்லை. நடுவில் என்று தெரிந்தது. சந்தேகமே இல்லை.

வலது பக்கம் பாய்ந்தேன். முழு நீளத்துக்கு. பந்து நடுவில் போனது.

முழங்கை கிழிந்து ரத்தம். எங்கள் பெண்கள் கைதட்டினார்கள். பி.டி. சார் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார், தோளைத் தட்டினார். நன்றாக முயற்சி செய்தாய், இப்படித்தான் ஆட வேண்டும் என்றார்.

தேங்க்ஸ் சார் என்றேன்.